எடைமேடை

காலை ஐந்தே காலுக்கு
வெறும் வயிற்றில் ஒன்றரை மாத்திரை.
உளுந்தைவிடச் சின்னது.
பாதியாக வெட்டும்போது சில நாள் தெறித்து
அடுப்பு இடுக்கில் விழும்;
டார்ச் அடித்துத் தேடுவேன்.
அப்புறம் ஒரு மணி நேரம்
தேநீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஆடை கட்டும். ஆறும்.
என் கோப்பையையும் சேர்த்துக் குடித்துவிட்டு
அவர் வேலைக்குப் போவார்.

லாபிஸ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
குலை ஏற்றி வந்த லாரி மேடையில் நிற்கும்: மொத்த எடை.
கொட்டிவிட்டு வந்து நிற்கும்: வெற்று எடை.
கழித்தால் நிகரம்.
பதினொரு வருஷமாய்
ஊர் சுமந்து வருவதையெல்லாம் நிறுத்து
சீட்டுக் கிழித்துத் தருகிறவளைப் பார்த்துத்தான்
"எடை போட்டுட்டியே" என்கிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் சொல்கிறார்கள்.
பசார் மாலாமில் கங்கோங் கட்டுக்குச்
சில்லறை எண்ணும்போது சொல்கிறார்கள்.
நாத்தனார் குணவதி என் தட்டைப் பார்த்தே சொல்வாள்,
"அண்ணி, சோத்தக் கொறைங்க."
அரை அகப்பைச் சோறு. முருங்கைக்கீரை.
ஒரு துண்டு கெம்போங் மீன்.
அவள் தட்டில் இருந்ததை நான் சொல்லவில்லை.

கழுத்துக்குள் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி என்று
டாக்டர் படம் வரைந்து காட்டினார்.
படத்தில் இறக்கை விரித்துத்தான் இருந்தது.
என்னுடையது
மழை இரவில் டியூப்லைட்டில் மோதி
சன்னல் கட்டையில் கிடக்கிற ஜாதி.

ஊரே வெந்துபோகிற மே மாதத்தில்
ஏர்கோனை அணைக்கச் சொல்லி
பக்கத்து மேசை ஃபரீடாவோடு சண்டை.
சீப்பு நிறைய முடி.
குரல் கட்டையாகிப் போய்
போனில் பேசுகிறவர்கள் "என்சிக்" என்கிறார்கள்,
ஐயாவாம்.

மூன்று மாதம் ஓடினேன்,
விடியுமுன், பள்ளித் திடலைச் சுற்றி.
முதல் வாரம் நாய்கள் கூட வந்தன.
பிறகு அவையும் விட்டுவிட்டன.
ரொட்டி சானாயை விட்டேன், சீனியை விட்டேன்.
எண்பத்தொன்று புள்ளி நாலு
எழுபத்தொன்பது புள்ளி எட்டு ஆனது.
"பீமாலா!" என்று கூப்பிட்ட மிஸ்ஸி
(அட்டையில் விமலேஸ்வரி அ/பெ கோபால்)
"பாகூஸ்" என்று தட்டிக்கொடுத்தார்.
அடுத்த தவணை எண்பத்திரண்டு.
ஒன்றும் சொல்லாமல் எழுதினார்.
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்.
காதுத் தோட்டையும் கழற்றலாமா என்று
ஒரு நொடி நினைத்தது உண்மை.

போன செவ்வாய், இரவு வேலை, தூறல்.
ஆலைப் புகை கீழேயே படுத்துக் கிடந்தது.
கடைசி லாரிக்காரன் ரோஸ்லான் மட்டும்
கூரையடியில் சிகரெட்டோடு.
இறங்கிப் போய்
அறுபது டன் தாங்கும் மேடையின் நடுவில் நின்றேன்.
சிவப்பு எண்பலகை கொஞ்சம் யோசித்தது.
80.
கைப்பையை எடுத்து வந்து ஏறினேன். 80.
பையோடு குடை, தண்ணீர்ப் போத்தல். 80.
இருபது இருபதாய்த்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
நான் ஓடியது, விட்டது, குறைந்தது,
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது,
எல்லாம் அதற்குத் தெரியாமலே
நடந்து முடிந்திருக்கிறது.

"காக், நிகரம் எவ்வளவு?"
ரோஸ்லான் மலாயில் கத்தினான்.
வெற்று எடை தெரிந்தால்தானே கழிக்க.
எங்கே போய்க் கொட்டிவிட்டு வந்து நிற்பேன்?
"பெலும் துருன் பாராங்" என்றேன்,
சரக்கு இன்னும் இறக்கலை.
புகை மூக்கில் ஏற அவன் சிரித்தான்.
நானும், அந்தக் கட்டைக் குரலில்.

நேற்று டாக்டர் அளவைக் கூட்டினார்.
எழுபத்தைந்து நூறாகிறது. மைக்ரோகிராமாம்.
என் மேடை அந்தப் பேரையே கேள்விப்பட்டிருக்காது.
முழுசாய் இரண்டு, இனி வெட்ட வேண்டாம்.

இன்று விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
தேநீரில் ஆடை கட்டுகிறது.
அவர் கை கோப்பைக்கு நீள்கிறது.
"இருங்க," என்கிறேன்.
"அது என்னுது."